அப்பா சொன்ன வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே ராஜதுரை வீட்டில் கேசரி கிளறும் வாசனை தெருவரைக்கும் போனது. ஆனால் கிளறிக்கொண்டிருந்த சிவரஞ்சனியின் முகத்தில் பெண் பார்க்கும் வீட்டுக் களை இல்லை.

ஒரு வாரமாகவே அந்த வீட்டில் யாரும் யாரோடும் முழுசாகப் பேசவில்லை. "கட்டுனா அவரத்தான் கட்டுவேன். இல்லன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று ராஜதுரையின் தங்கை கோகிலவாணி அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அன்று சாப்பாட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்த ராஜதுரை, வியாழக்கிழமைதான் வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கத் தங்கைக்கும் துணிவில்லை, அவன் மனைவி சிவரஞ்சனிக்கும் துணிவில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கோகிலவாணிக்கு எல்லாமே அண்ணன்தான். தியாகதுருகத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டுப் பாடுபட்டு அவளை நர்ஸ் படிக்க வைத்தவன் அவன். கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தபோது, குவார்ட்டர்ஸுக்குக் கட்டிலையும் கேஸ் அடுப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தவனும் அவன்தான்.

அதே சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருப்பவன் தமிழ்வேந்தன். ராஜதுரை விசாரித்த இடத்திலெல்லாம் நல்ல பையன் என்றே சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, "கால்தான்…" என்று இழுத்தார்கள்.

சிவரஞ்சனி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு மகளைக் கூப்பிட்டாள். மணிமொழி ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

"இங்க வா. தலைய நேரா வை. இன்னைக்கு ஒரு மாமா வருவாரு. அவரு காலப் பாக்கக் கூடாது. தெரிஞ்சிதா?"

"ஏம்மா?"

"பாக்கக் கூடாதுன்னா பாக்கக் கூடாது."

"கால்ல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் பாக்கக் கூடாது?"

சிவரஞ்சனி ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். "எதுவும் கேக்கவும் கூடாது. கேசரி தின்னுட்டு உள்ள உக்காந்துக்கினு இரு."

மணிமொழி தலையை ஆட்டினாள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவளுக்குக் கேசரி நினைப்பு போய்விட்டது. வரப்போகிறவரின் கால் நினைப்புதான்.

*

வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்கள். பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டரில் தமிழ்வேந்தனும், அவனுக்குப் பின்னால் பூக்கூடையோடு அவன் அம்மா அமிர்தமும். கள்ளக்குறிச்சியிலிருந்து அவனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

வாசலில் இறங்கி, ஊன்றுகோலை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, அவன் படி ஏறினான். பேன்ட்டுக்குள் இரும்பு. ஒவ்வோர் அடிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம்.

ராஜதுரை பதறிப்போய் முன்னால் ஓடி அவன் கையைப் பிடித்தான். பிடித்தது ஊன்றுகோல் இருந்த கை. தமிழ்வேந்தன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துச் சமாளித்தான்.

"நானே ஏறிடுவேண்ணே. புடிச்சாதான் கஷ்டம்" என்றான் சிரித்துக்கொண்டே.

ராஜதுரை கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆலைக்குக் கரும்பு வெட்டும் முறை எப்போது வரும் என்று பேசினார்கள். மலையில் இந்த வருஷம் சாமை நன்றாக வந்திருப்பதைப் பேசினார்கள். ராஜதுரை மின்விசிறியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான், தமிழ்வேந்தனின் சட்டைப் பையைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் அவன் பார்வை இறங்கவில்லை.

கோகிலவாணி காபித் தட்டோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் தமிழ்வேந்தனின் முகத்தில் வந்த வெளிச்சத்தை சிவரஞ்சனி கவனித்தாள். அடடா, இதைத்தானே இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணுக்குத் தேடினோம் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றி முடிப்பதற்குள் திரைச்சீலை விலகியது.

மணிமொழி வெளியே வந்தாள். மெதுவாக நடந்து, தமிழ்வேந்தனின் நாற்காலியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே குனிந்து ஷூவைப் பார்த்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்கதான் நொண்டி மாப்ளைங்களா?"

கேசரி தின்ற வாய்கள் அப்படியே நின்றன.

சிவரஞ்சனிக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. எட்டி மகளை இழுத்து முதுகில் ஓர் அறை வைத்தாள். பளார் என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

குழந்தை அழவில்லை முதலில். திகைத்தது. அப்புறம் வீறிட்டது.

"அப்பாதான் சொன்னாரு! ராத்திரி அப்பாதான் உங்கிட்ட சொன்னாரு! நொண்டி மாப்ளையக் கூட்டிக்கினு வந்தா ஊரே சிரிக்கும்னு அப்பாதான் சொன்னாரு!"

யாரும் அவள் வாயை மூடவில்லை. மூடியும் பயனில்லை.

அமிர்தம் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "எழுந்திருப்பா" என்றாள் மகனிடம்.

தமிழ்வேந்தன் உடனே எழவில்லை. "கொழந்தைய அடிக்காதீங்கக்கா" என்றான் சிவரஞ்சனியிடம். "அது கேட்டத்தான் திருப்பிச் சொல்லுது."

"தம்பி… அது வந்து…" ராஜதுரை எழுந்து நின்றான்.

"வரோம் சார்."

வந்தபோது 'அண்ணே' என்று கூப்பிட்டவன் அவன்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு, கோகிலவாணி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மதியத்திற்கு மேல் அவளுக்கு டூட்டி. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் சிவரஞ்சனியைப் பயமுறுத்தியது.

"அந்த வார்த்தைய எம் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா உங்கூட சண்ட போட்டிருப்பேண்ணா" என்றாள் கோகிலவாணி. "கொழந்த வாயில குடுத்து அனுப்பிட்டியே."

அவள் போய்விட்டாள். ராஜதுரை செருப்பைக்கூடப் போடாமல் கழனிப் பக்கம் நடந்தான்.

*

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டு மகளைத் தேடிய சிவரஞ்சனி, கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்தாள். மணிமொழி சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, தன் வலது காலைத் தூக்கிப் பிடித்து உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வா கண்ணு."

"வரமாட்டேன். நீ அடிப்ப."

சிவரஞ்சனி தட்டை வைத்துவிட்டுத் தரையில் படுத்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னாடி பண்ற?"

"எங்காலு நல்லா இருக்குதான்னு பாக்கறேன்."

"ஏன், உங்காலுக்கு இன்னா?"

"அந்த மாமாவத் தொட்டுட்டேன். அவரு சேரு மேல கை வச்சேன். ஒட்டிக்குமா?"

சிவரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒட்டிக்காது. அப்படியெல்லாம் ஒட்டிக்காதுடி."

"அப்புறம் ஏன் பாக்கக் கூடாதுன்ன?"

சிவரஞ்சனி சோற்றுத் தட்டைக் கிட்டே நகர்த்தினாள்.

"அவருக்குக் கால்ல இன்னா ஆச்சி? வலிக்குதா? அந்த டக்கு டக்குன்னு சத்தம் எங்கிருந்து வருது?"

யோசித்துப் பார்த்தால் சிவரஞ்சனிக்கும் எதுவும் தெரியாது. அவளும் கேட்கவில்லை. கேட்டால் தப்பு, பார்த்தால் தப்பு என்று அவளுக்கும் யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். அவள் அதை அப்படியே மடிப்புக் கலையாமல் மகளிடம் இறக்கி வைத்துவிட்டாள். பாக்காத, பாக்காத என்று சொல்லிச் சொல்லி, ஒரு மனுஷனின் காலை இந்தக் குழந்தைக்குப் பேய் பிசாசு மாதிரி ஆக்கியது அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அம்மா."

"சொல்லு."

"அந்த வார்த்த கெட்ட வார்த்தையா?"

"ஆமா. ஒருத்தர நோவடிக்கிற வார்த்த."

"அப்பா சொன்னாரே. அப்பா கெட்டவரா?"

"இல்லடி. அப்பாவுக்கு அத்த மேல ஆச ஜாஸ்தி. அத்த கஷ்டப்பட்டுடுவாளோன்னு பயம். பயத்துல பெரியவங்களும் தப்புத் தப்பாப் பேசுவாங்க."

"அப்பாதானே முதல்ல சொன்னாரு? நீ ஏன் அவர அடிக்கல? என்ன மட்டும் அடிச்ச?"

சிவரஞ்சனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையை நீட்டி மகளின் முதுகைத் தடவினாள். அடி விழுந்த இடம் இன்னும் சூடாக இருந்தது போலிருந்தது.

"உன்ன அடிச்சது அம்மா செஞ்ச தப்பு. இனிமே அடிக்க மாட்டேன். நீ சோறு தின்னு. தின்னுட்டு நாம ரெண்டு பேரும் அந்த மாமா வூட்டுக்குப் போவலாம்."

"எதுக்கு?"

"உனக்குக் கேக்கறதுக்கு இவ்ளோ இருக்குதே. எங்கிட்ட பதில் இல்ல. அவருகிட்டதான் இருக்குது."

"நான் அவர இன்னான்னு கூப்புடறது?"

"அவரு பேரு தமிழ்வேந்தன். நீ மாமான்னு கூப்புடு."

*

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். கிரில் கேட்டைத் திறந்த அமிர்தம், இருவரையும் பார்த்ததும் கேட்டைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

"இன்னும் இன்னாம்மா பாக்கி இருக்குது?"

"மன்னிப்பு கேக்க வந்தோம்மா."

"உம் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல." அமிர்தம் கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்தப் பேரு எனக்குப் புதுசும் இல்ல. பள்ளிக்கூடத்துல கேட்டேன். பஸ்ஸுல கேட்டேன். சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கினு கேட்டேன். ஆனா எம் புள்ள புதுச் சட்ட போட்டுக்கினு, பூ வாங்கிக்கினு, ஆசயா போன எடத்துல கேட்டேன் பாரு… அத எங்க போய்ச் சொல்றது?"

சிவரஞ்சனி தலை குனிந்து நின்றாள்.

"யாரும்மா?" உள்ளேயிருந்து தமிழ்வேந்தனின் குரல். "உள்ள வரச் சொல்லு."

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். லுங்கி கட்டியிருந்தான். காலிலிருந்து கழற்றிய இரும்புக் கம்பிக் கூடு, ஷூவோடு சேர்த்து, நாற்காலியில் சாய்ந்து நின்றது. லுங்கிக்குக் கீழே ஒரு கால் சாதாரணமாகவும், இன்னொரு கால் குச்சியாகவும் தெரிந்தன.

சிவரஞ்சனியின் கை தானாக மகளின் முகத்தைத் திருப்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மணிமொழி பார்த்தாள். முழுசாக, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"மாமா, அது இன்னாது?"

"அதுவா? காலிப்பர். எங்காலுக்கு நிக்கறதுக்கு பலம் கம்மி. அது புடிச்சிக்கும்."

"அதுலேருந்துதான் டக்குன்னு சத்தம் வருதா?"

"ஆமா. முட்டிக்கிட்ட ஒரு பூட்டு இருக்குது. அங்கேருந்துதான் வருது. தொட்டுப் பாரு."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சிவரஞ்சனி தலையசைத்தாள். குழந்தை ஒரு விரலால் தொட்டது. பிறகு பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தது. டக். இன்னொரு தடவை. டக்.

"உங்க காலுக்கு இன்னா ஆச்சி?"

"உன்ன விடச் சின்னப் புள்ளயா இருந்தப்ப காச்சல் வந்திச்சி. போலியோன்னு பேரு. காச்சல் போயிடிச்சி. காலு மட்டும் வளரல."

"எனக்கும் வருமா?"

"உனக்குச் சொட்டு மருந்து போட்டிருப்பாங்களே, வாயில ரெண்டு சொட்டு?"

"ஆமா! விரல்ல மை வச்சாங்க!"

"அது இதுக்குத்தான். நானும் உங்க அத்தையும் மலையில எத்தினி புள்ளைங்களுக்குப் போட்டிருக்கோம் தெரியுமா? அதனால உனக்கு வராது. என்னத் தொட்டாலும் வராது."

மணிமொழி பெரிய மூச்சு ஒன்று விட்டாள். மதியத்திலிருந்து அந்த மூச்சு உள்ளேயே இருந்திருக்க வேண்டும். உடனே கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வலிக்குதா?"

"காலு வலிக்காது. ரொம்ப நேரம் நின்னா இடுப்பு வலிக்கும்."

"ஓட முடியுமா?"

"முடியாது."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். குழந்தையும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"அழுவீங்களா?"

"உன் வயசுல அழுவேன். காலுக்காக இல்ல. வெளாட்டுல யாரும் சேத்துக்க மாட்டாங்க. அதுக்கு."

மணிமொழி கட்டில் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"எங்க கிளாஸ்ல ஒரு பாப்பா காதுல மிஷின் போட்டுக்கினு வரும்" என்றாள் மெதுவாக. "நாங்க அவள சேத்துக்க மாட்டோம்."

"ஏன்?"

"மிஷின் ஒடஞ்சா அவங்க அம்மா வந்து சண்ட போடுவாங்க, அவகிட்ட போவாதீங்கன்னு மிஸ்ஸு சொன்னாங்க. அவ செவுத்தாண்டயே உக்காந்துக்கினு இருப்பா."

சிவரஞ்சனி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. தினமும் சாயங்காலம் என்ன பாடம், என்ன வீட்டுப்பாடம் என்று கேட்கிறாள். யார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நாளைக்கு அவள சேத்துக்கட்டுமா மாமா?"

"எங்கிட்ட ஏன் கேக்கற? அவகிட்ட கேளு. இன்னா வெளாட்டு புடிக்கும்னு கேளு. மூஞ்சிக்கு நேரா நின்னு பேசு, அவளுக்குப் புரியும்."

குழந்தை ஒத்துக்கொண்டது. பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தது.

"காலைல நான் அந்த வார்த்தைய சொன்னேனே… உங்களுக்கு நொந்துச்சா?"

தமிழ்வேந்தன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்று சிவரஞ்சனி எதிர்பார்த்தாள். அப்படித்தானே எல்லோரும் குழந்தைகளிடம் சொல்வது.

"நொந்துச்சி" என்றான். "உனக்கு ரெண்டு பல்லு இல்ல. உங்க ஸ்கூல்ல எல்லாரும் உம் பேர வுட்டுட்டு, ஓட்டப்பல்லு ஓட்டப்பல்லுன்னே கூப்புட்டா எப்படி இருக்கும்?"

மணிமொழியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னாள். "இனிமே சொல்ல மாட்டேன் தமிழ்வேந்தன் மாமா."

பேரையும் சேர்த்துச் சொல்ல அவளுக்கே தோன்றியது.

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அமிர்தம் உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு தட்டில் அதிரசம் இருந்தது. குழந்தையின் மடியில் வைத்தாள். ஆனால் சிவரஞ்சனியின் பக்கம் திரும்பியபோது முகம் இளகவில்லை.

"கொழந்த சொன்னத கொழந்த வந்து தீத்துடுச்சி. சொல்லிக் குடுத்தவரு வரட்டும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்ச இந்த வூட்டுல எடுக்காதம்மா."

சிவரஞ்சனி தமிழ்வேந்தனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் குழந்தையிடம் காட்டிய இளக்கம் அந்த முகத்தில் இல்லை.

*

பொழுது சாய்ந்த நேரத்தில் வீடு திரும்பினார்கள். கூடத்தில் விளக்குகூடப் போடாமல் ராஜதுரை உட்கார்ந்திருந்தான். காலையில் போட்ட நாற்காலிகள் அப்படியே கிடந்தன.

"எங்க போயிட்டு வர?"

"கள்ளக்குறிச்சிக்கு. அவங்க வூட்டுக்கு."

"என்னக் கேக்காம போனியா?"

"உங்களக் கேட்டா போவ வுட்டிருப்பீங்களா?"

அவன் எழுந்தான். குரல் உயர்ந்தது. "இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க எல்லாரும்? நான் இன்னா அந்தப் பையனுக்கு எதிரியா? நாளைக்கு எந்தங்கச்சி ஆயுசு பூரா ஒருத்தரத் தாங்கிக்கினு நிக்கணுமேன்னு சொன்னேன். வயித்தெரிச்சல்ல ஒரு வார்த்த வந்துடிச்சி…"

"அவரு யாரையும் தாங்கச் சொல்லலீங்க. நீங்க தாங்கப் போனதுலதான் விழ இருந்தாரு."

மணிமொழி அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அவரு பேரு தமிழ்வேந்தன்."

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் அந்தப் பேர சொல்லல?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். காலையில் இந்தக் கூடத்தில் குழந்தையின் வாயிலிருந்து தன்னுடைய சொல், தன்னுடைய ராகத்தோடு வந்து விழுந்ததை அவனால் மறக்க முடியவில்லை. கழனியில் வரப்பு மேலே உட்கார்ந்து அதைத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். முதுகில் அறை வாங்கியது அவள். வாங்கியிருக்க வேண்டியது யார் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"அப்பா, நீ அவருகிட்ட ஒண்ணுமே கேக்கல இல்ல? நான் கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொல்றாரு."

ராஜதுரை தணிந்த குரலில் கேட்டான்.

"இன்னா கேட்ட?"

"காலுக்கு இன்னா ஆச்சின்னு கேட்டேன். போலியோ காச்சல். அந்தக் கம்பிக்குப் பேரு காலிப்பர். முட்டில பூட்டு இருக்குது. நான் தொறந்து மூடுனேன்."

"வலிக்குமாமா?"

"காலு வலிக்காதாம். நின்னுக்கினே இருந்தா இடுப்பு வலிக்குமாம்."

"அந்த வண்டியில மலை ஏற முடியுதாமா? அத்தன வளைவு இருக்குதே…"

"அத நான் கேக்கல."

"பொறந்ததுலேருந்தா, அப்புறம் வந்துச்சா?"

"அப்புறம்தான். சொட்டு மருந்து அவருக்குப் போடலியாம். எனக்குப் போட்டாச்சி."

சிவரஞ்சனி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். ஒரு வாரமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்விகளையெல்லாம் அவன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான், பல் இல்லாத ஒரு குழந்தையிடம். ஊர் சிரிக்குமா என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை.

ராஜதுரை எழுந்து முகம் கழுவினான். சட்டை மாட்டினான். பைக் சாவியை எடுத்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வந்து பேசறேன் ரஞ்சனி." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "இன்னான்னு ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

மணிமொழி அதற்குள் ஓடிப்போய் பைக்கின் பக்கத்தில் நின்றாள்.

"நானும் வரேன்ப்பா. எனக்குத் தெரியும்."

அவன் அவளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தான். பைக் தெருவைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும் வரைக்கும் சிவரஞ்சனி வாசலில் நின்றாள். நாள் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. நாற்காலிகளை மடக்கலாம் என்று திரும்பினாள்.

அலமாரி மேலிருந்த போன் அடித்தது. கோகிலவாணி.

"அண்ணி…" மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். அதற்குள் அழுகையும் விட்டு விட்டு வந்தது. காலையில் அழாதவள் இப்போது அழுதாள். "அவரு இப்பதான் போன் பண்ணாரு அண்ணி. நம்ம பேச்ச இத்தோட வுட்டுடலாம்னாரு. உங்க அண்ணன் மனசு நோவ அந்த வூட்டுக்கு நான் மாப்ளையா வரமாட்டேன்னாரு. ஒரு வார்த்த சரின்னு சொல்லு, நான் மாறுதல் வாங்கிக்கினு வேற ஊருக்குப் போயிடறேன்னாரு. நான் சொல்லிடட்டுமா அண்ணி? இனிமே யாரும் யாருக்காவவும் அவமானப்பட வேணாம். சரின்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லாத! கோகிலா, ஒண்ணும் சொல்லாத. உங்க அண்ணன் அங்கதான் போய்க்கினு இருக்காரு. மணியும் கூடப் போயிருக்கா. கொஞ்ச நேரம் பொறு. கேக்குதா?"

மறுமுனையில் சத்தம் இல்லை.

"கோகிலா? கோகிலா, நான் சொன்னது கேட்டுதா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.